வலிக்கு மூணேகால் மார்க்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. சுவரோரம் இருக்கிறவர்களும் நகர்ந்து வாருங்கள். இப்போதெல்லாம் என் குரல் தூரம் போவதில்லை. கையில் வேலை இருந்தால் செய்துகொண்டே கேளுங்கள், காது மட்டும் இங்கே இருந்தால் போதும். இன்றைக்கு ஓர் ஆஸ்பத்திரிக் கதை சொல்லப் போகிறேன். ஆஸ்பத்திரி என்றதும் முகத்தைச் சுருக்காதீர்கள். அழவைத்து அனுப்புகிற கதை இல்லை இது. நடுவில் கொஞ்சம் மனசு கனக்கும், கடைசியில் நானே இறக்கி வைத்துவிடுகிறேன். நம்பி வாருங்கள்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் நாலாவது மாடியில் புற்றுநோய் வார்டு. அங்கே ஒரு நர்ஸ் இருந்தாள். ஆள் குள்ளம். மருந்து பாட்டிலை மேலே இருக்கும் கொக்கியில் மாட்ட வேண்டுமென்றால் அவளுக்கு எட்டாது. அதற்காக ஒரு மர ஸ்டூலைக் காலாலேயே தள்ளிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவாள். ஸ்டூல் தரையில் கிறீச்சிடும் சத்தம் கேட்டாலே நோயாளிகள் ஊசிக்குக் கையை நீட்டி வைத்துக்கொள்வார்கள். பொடி சிஸ்டர் என்று முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் வைத்தார்கள். நாளடைவில் அது முகத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பெயருக்கு உயரம் தேவையில்லையே என்பாள்.

அவள் வேலையில் ஒரு கைப்பக்குவம் உண்டு. எது வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள். இந்த மருந்து ஏறினால் வாயில் புண் வரும், பயப்படாதீர்கள், தானாக ஆறும். இந்த வாரம் முடி கொட்டும், அடுத்த மாதம் நாக்குக்கு ருசி திரும்பும். மார்பில் வந்த கட்டியா, குடலில் வந்ததா, இரத்தத்தில் வந்ததா, எல்லாவற்றின் வழித்தடமும் அவளுக்கு அத்துப்படி. எந்த வளைவில் பள்ளம் இருக்கிறது என்று தெரிந்த டிரைவர் மாதிரி, பள்ளம் வருவதற்கு முன்பே பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவாள். பள்ளத்தை அவளால் நிரப்ப முடியாது. ஆனால் முன்னால் தெரிந்துவிட்டால் மனிதர்களுக்குப் பாதி பயம் போய்விடுகிறது.

அந்த வார்டுக்குத்தான் கணக்கு சார் வந்து சேர்ந்தார்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நெடுநெடுவென்று உயரம், தேய்த்த சட்டை, மேல் பையில் சிவப்புப் பேனா. கூடவே அவர் மனைவி. அந்த அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். கிளம்பி வந்த அவசரத்தில் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்து, அதோடேயே மாலை போட்டவர் மாதிரி வந்து நின்றார்.

சாருக்கு வந்தது, முதுகுத்தண்டு முடிகிற இடத்தில், எலும்பிலேயே முளைத்த ஒரு கட்டி. ஒரு தடவை அறுத்து எடுத்தாகிவிட்டது. கதிர் சிகிச்சையும் கொடுத்தாகிவிட்டது. போனது திரும்பி வந்திருந்தது. வந்ததோடு நிற்காமல் நுரையீரலிலும் போய்த் தங்கியிருந்தது. குணமாக்குகிற கட்டம் தாண்டிவிட்டது, இனி வலியில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை என்று பெரிய டாக்டர் அம்மா மறைக்காமல் சொன்னார். பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருகிற நோய் என்றும் சொன்னார்.

அதைக் கேட்டுத் தையல்கார அம்மா கழுத்து நாடாவை ஒரு தடவை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்கப்பா கல்யாணத்தப்போ ஊரெல்லாம் சொன்னாரு, மாப்பிள்ளை பத்து லட்சத்துல ஒருத்தர்னு. அவர் வாக்கு இப்படியா பலிக்கணும்."

டாக்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சார்தான் முதலில் சிரித்தார். இப்படிப்பட்ட ஜோடி அது.

வார்டு வாசலில் ஒரு தாங்கி உண்டு. ஒவ்வொரு புற்றுநோய்க்கும் ஒரு நிறத்தில் துண்டுப் பிரசுரம் அதில் சொருகியிருக்கும். அந்த அம்மா தினமும் அங்கே நின்று ஒவ்வொன்றாகப் புரட்டுவார். சாருடைய நோய்க்கு எந்த நிறமும் இல்லை. பிறகு பொடி சிஸ்டரிடம் வருவார். இது இன்னும் எவ்வளவு வலிக்கும், கால் மரத்துப் போகுமா, அடுத்தது என்ன வரும் என்று கேட்பார். தெரியாது அம்மா என்பாள் பொடி சிஸ்டர். அவளும் இந்த நோயைப் பார்த்ததில்லை. அந்த மாடியில் யாருமே பார்த்ததில்லை. ஓய்வு நேரத்தில் தேடிப் படித்தாள். கிடைத்த இரண்டு கட்டுரையில் ஒன்று அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசியது, மற்றது எலிகளைப் பற்றிப் பேசியது. படுக்கையில் கிடக்கிற ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை. தெரியாது என்று சொல்வது நர்ஸுக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எத்தனையோ வருஷமாக டாணென்று பதில் சொல்லிப் பழகிய வாய் அது.

இப்போது நம் கதையின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன்.

கட்டி இருந்த இடம் அப்படி, சாரால் உட்கார முடியாது. ஒருக்களித்துப் படுப்பார், இல்லையென்றால் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சாப்பாட்டையும் பஸ்ஸுக்கு ஓடுகிறவர் மாதிரி நின்றபடியே இரண்டு வாய் போட்டுக்கொள்வார். அவருக்கு ஒரே ஆசை. வீட்டுக்குப் போக வேண்டும். சமையலறைப் பக்கம் ஜன்னலோரமாக இருக்கும் சாப்பாட்டு மேசையில் மனைவிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

"படுத்துக்கிட்டு சாகறதுல எனக்கு ஆட்சேபனை இல்ல சிஸ்டர்," என்றார் ஒரு நாள். "படுத்துக்கிட்டு சாப்பிடறதுதான் பிடிக்கல."

அதற்காக அந்த அம்மா ஒரு மெத்தை தைத்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் நடுவில் பள்ளம் விட்டு, கட்டி எதன் மேலும் படாதபடி. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, பஞ்சைத் திணிப்பதும் எடுப்பதும் மறுபடி திணிப்பதுமாக இருப்பார். நாடாவை வைத்து அவர் இடுப்பை அளப்பார். தீபாவளிச் சட்டையா தைக்கிறாய் என்கிற மாதிரி சார் ஒரு பார்வை பார்ப்பார். ஆனால் அசையாமல் அளவு கொடுப்பார்.

பெரிய டாக்டர் அம்மா நியாயமாகவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். மாத்திரையிலேயே வலி அடங்கி, ஒரு வேளை சாப்பிடுகிற நேரம் உட்கார முடிந்தால் வீட்டுக்கு அனுப்பலாம். முடியாவிட்டால் ஊருக்கு வெளியே இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். படுத்த படுக்கையான நெட்டை மனிதரை அந்த ஒல்லி அம்மா தனியாகத் தூக்கிப் புரட்ட முடியாது, மகளோ கைக்குழந்தையோடு கடல் தாண்டி இருக்கிறாள். திங்கட்கிழமை முடிவு செய்யலாம் என்றார்.

சரி, வலி எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள்? கேட்டுத்தான். ஒவ்வொரு கட்டிலுக்கு மேலும் ஒரு படம் இருக்கும். சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகத்தில் முடியும். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. நோயாளி ஒரு எண் சொல்வார், அந்த எண்ணைப் பார்த்து மருந்தின் அளவை வைப்பார்கள். நோயாளி சொல்கிற எண்ணை ஒருபோதும் சந்தேகப்படக் கூடாது என்பது நர்ஸுகளுக்குப் பால பாடம். வலி அவருடையது, எண்ணும் அவருடையது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை அடித்துச் சொல்லிக் கொடுப்பவளே பொடி சிஸ்டர்தான்.

மற்றவர்கள் திண்டாடுவார்கள். அஞ்சு போட்டுக்கங்க, இல்ல ஆறு, நீங்களே பார்த்துப் போடுங்க சிஸ்டர் என்பார்கள். கணக்கு சார் அப்படி இல்லை. முகங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, படமெல்லாம் வேண்டாம், எண் போதும் என்றார். கண்ணை மூடி யோசித்தார். பிறகு சொன்னார்: "மூணேகால்."

நர்ஸுகள் அசந்துபோனார்கள். இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை. மறுநாள் மூணு, அதற்கு மறுநாள் மூணரை. கால் பங்கு வித்தியாசத்தைக்கூடப் பிடித்துச் சொல்கிற மனிதரை எப்படி நம்பாமல் இருப்பது? மூன்றுக்கு என்ன மருந்தோ அதை வேளை தவறாமல் கொடுத்தார்கள்.

ஆனால் மனிதர் இறங்கிக்கொண்டே போனார். சாப்பாடு குறைந்தது. பேச்சு நின்றது. புரட்டிப் படுக்கவைக்கப் போனால் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். ஜன்னல் கட்டையைப் பிடித்த விரல்கள் வெளுத்திருக்கும். வலிக்குதா சார் என்று பொடி சிஸ்டர் கேட்பாள், அதே மூணேகால். அவளுக்கு மனசு கேட்கவில்லை. பெரிய டாக்டரிடம் சொன்னாள். அவர் எண்களைப் பார்த்தார், வந்து சாரையும் பார்த்தார். வலி மிதமாகத்தான் இருக்கிறது, இந்த நோய் ஆளை இப்படித்தான் ஒடுக்கும் போலிருக்கிறது, மனச்சோர்வும் சேர்ந்திருக்கலாம் என்றார். யாருக்கும் தெரியாத நோய் இருக்கிறதே, அது ஒரு பெரிய கோணிப்பை மாதிரி கண்ணுகளா. புரியாததையெல்லாம் அதற்குள் போட்டுக் கட்டிவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் அந்த அம்மா மெத்தையிலிருந்த பஞ்சு முழுவதையும் எடுத்து ஒரு பையில் போட்டுவிட்டார். தைத்த உறையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவர் உட்காராமலே போயிடுவாரா சிஸ்டர்?" என்று கேட்டார்.

பக்கத்துக் கட்டிலில் பாட்டில் தீர்ந்துவிட்டது என்று பொடி சிஸ்டர் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தாள். அந்தப் பாட்டில் தீரவில்லை, பாதி இருந்தது. அங்கே படுத்திருந்த பெரியவர் அவள் முகத்தைப் பார்த்தார், தன் போர்வையைச் சரிசெய்துகொண்டார்.

அன்று மத்தியானம் சூப் வந்தது. சமையல்கூடத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்திருந்தார். அன்றைக்கு வார்டே சூப்பைப் புகழ்ந்துகொண்டிருந்தது. பொடி சிஸ்டர் சாருக்கு ஜன்னல் கட்டையில் கிண்ணத்தை வைத்தாள். நின்றபடியே நாலு கரண்டி குடித்தார். எப்படி இருக்கு சார் என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

"நாலு," என்றார் சார்.

மடியில் இருந்த உறையைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கினார். "நாலா?"

"நாலு. மிளகு சரியா விழுந்திருக்கு."

அந்த அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. இத்தனை நாள் அழாமல் அடக்கி வைத்ததெல்லாம் அந்த சூப்பின் மேல் இறங்கியது. "அந்தச் சமையல்காரரைக் கூப்பிட்டு சொல்லுங்க சிஸ்டர், வீட்டுல கட்டித் தொங்கவிட்டுக்கட்டும். எங்க கல்யாண விருந்துக்கே இவர் மூணரைதான் போட்டாரு. எங்கம்மா அன்னிக்கு அழுதது இன்னும் என் கண்ணுல நிக்குது. இத்தனை வருஷம் நான் சமைச்சிருக்கேன், ஒரு நாள், ஒரே ஒரு நாள் அஞ்சு வந்துது. பேரன் பொறந்தப்போ மக போன்ல கேக்கறா, எவ்வளவுப்பான்னு. அஞ்சேமுக்கால், வளரட்டும் பாக்கலாம்னாரு."

பொடி சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டை எடுத்தவள், எடுத்தபடியே நின்றுவிட்டாள். சுருக்கென்று ஏதோ குத்தியது. தட்டை வைத்துவிட்டு, ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றாள். அப்போதுதான் அவள் கண் சாருடைய கண்ணுக்கு நேராக வந்தது.

பத்துக்குப் பத்து யாருக்காவது போட்டிருக்கிறீர்களா சார் என்று கேட்டாள். இல்லை என்றார். ஒன்பது? ஒரே ஒரு பையனுக்கு, அவன் தாளில் இல்லாத கேள்விக்கும் சேர்த்துப் பதில் எழுதியிருந்தான் என்றார். வகுப்பில் முதலாவதாக வருகிறவனுக்கு வழக்கமாக எவ்வளவு? நாலரை, நல்ல வருஷமாக இருந்தால் அஞ்சு.

"அப்போ மூணேகால்னா?"

சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே தெருவில் ஒரு பஸ் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அது முனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல மார்க்குதான்," என்றார்.

ஏன் சார், ஏன் கூட்டிச் சொல்லவில்லை என்று கேட்டாள். அதற்கு அவர் சொன்னதை அவள் பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறாள். நீங்களும் கேளுங்கள்.

"அடுத்து என்ன வரும்னு உங்களைக் கேட்டேன். தெரியாதுன்னு சொன்னீங்க. டாக்டரைக் கேட்டேன், அவங்களுக்கும் தெரியல. தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னீங்க, அது தப்பில்ல. ஆனா இதைவிட மோசமா ஒண்ணு வரலாம் இல்லையா? இப்பவே எட்டு, ஒன்பதுன்னு போட்டுட்டா, அப்போ நான் என்ன போடறது? அதான் மேல இடம் விட்டு வெச்சேன்."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் முறைப்பாகச் சேர்த்துக்கொண்டார், அப்படி அள்ளிக் கொடுக்க இந்த வலி என்ன சாதித்துவிட்டது என்று.

தையல்கார அம்மா எழுந்து வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

பொடி சிஸ்டர் துணிகள் அடுக்கும் அறைக்குப் போய், போர்வை அடுக்கில் நெற்றியை முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கையால் எண்ணி எண்ணி மாத்திரை கொடுத்தவள் அவள்தானே. சந்தேகப்படக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தாள். எண்ணைச் சந்தேகப்பட வேண்டாம், அந்த எண் எந்த ஊர் எண் என்று கேட்டிருக்கலாமே. அது தோன்றவே இல்லை. ஆனால் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க அவளுக்கு நேரமும் இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள்.

சரி சார், இப்போது நிஜமான எண்ணைச் சொல்லுங்கள் என்றாள். மாட்டேன் என்றார். போட்ட மார்க்கைத் திருத்தும் பழக்கம் அவருக்கு இல்லையாம். மறுகூட்டல் வேண்டுமானால் கேட்கலாம். கூட்டல் சரியாகத்தான் இருக்கும். மனைவி தலையில் அடித்துக்கொண்டார். இந்த மனுஷனோடு நான் எப்படிக் குப்பை கொட்டினேன் பாருங்கள் என்கிற மாதிரி பொடி சிஸ்டரைப் பார்த்தார்.

பொடி சிஸ்டர் ஸ்டூலின் மேல் நின்று யோசித்தாள். இவர் கை இறுகிய கை. அந்தக் கையைத் திறக்க முடியாது. ஆனால் எதன் மேல் இறுக வேண்டும் என்பதை மாற்றலாம் அல்லவா? அவளுக்குப் பொறி தட்டியது.

"வலிக்கு மார்க் வேண்டாம் சார். அதை விட்டுடுங்க. மருந்துக்குப் போடுங்க. வலியைக் குறைக்கறேன்னு சொல்லித்தானே அது உங்க வகுப்புக்கு வந்துது. காலையில கொடுத்தேனே, எவ்வளவு குறைச்சுது?"

சாருடைய முதுகு நிமிர்ந்தது. பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் வாத்தியார் வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். யாரோ ஒரு பையனின் விடைத்தாளைப் புரட்டுகிற மாதிரி உதடு அசைந்தது.

"முக்கால்," என்றார்.

"பத்துக்கா?"

"பத்துக்கு. அதுவும் நேரத்துக்கு வந்ததுக்காகப் போட்டது."

அவ்வளவுதான். பொடி சிஸ்டர் ஸ்டூலைக்கூட எடுக்காமல் ஓடினாள். பெரிய டாக்டர் அம்மா தன் அறையில் ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கோ போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பொடி சிஸ்டர் வாசலிலேயே நின்று மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். சூப், கல்யாண விருந்து, பேரன், மேலே விட்டுவைத்த இடம், முக்கால் மார்க். நான்தான் டாக்டர் கேட்காமல் விட்டேன் என்றும் சொன்னாள். டாக்டர் போனை வைத்தார். ரொட்டியையும் வைத்தார். சிரிக்கவில்லை.

"நானும்தான் கேட்கல," என்றார். "வாங்க, போய்ப் பார்க்கலாம்."

இந்தத் தடவை யாரும் எண் கேட்கவில்லை. டாக்டர் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு வேறு மாதிரி கேட்டார். ராத்திரி எத்தனை தடவை விழிக்கிறீர்கள்? செருப்பை நீங்களே போடுகிறீர்களா? இருமினால் எங்கே போய் முட்டுகிறது? தொடையில் கரண்ட் அடிக்கிற மாதிரி ஓடுகிறதா? ஓடுகிறது என்றார் சார், ரொம்ப நாளாக ஓடுகிறது, அதுவும் இந்த நோயின் ஒரு பகுதி போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன் என்றார். டாக்டரும் பொடி சிஸ்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோணிப்பையில் அவரும் ஒரு பக்கம் போட்டுக் கட்டியிருந்தார் பாருங்கள்.

வலிக்கென்றே இருக்கும் டாக்டரையும் கூப்பிட்டார்கள். மார்ஃபின் அளவைப் படிப்படியாகக் கூட்டினார்கள். நரம்பை அழுத்துகிற வலிக்குத் தனியாக ஒரு மாத்திரை சேர்த்தார்கள். மார்ஃபின் என்ற சொல்லைக் கேட்டுத் தையல்கார அம்மா பயந்தார். மயங்கியே கிடப்பாரா, பழக்கமாகிவிடுமா, இதுதான் கடைசி மருந்தா என்று கேட்டார். இதற்கெல்லாம் பொடி சிஸ்டருக்குப் பதில் தெரியும். அந்த நோயின் பாதை தெரியாது, ஆனால் இந்த மருந்தின் பாதை தெரியும். முதலில் தூக்கம் வரும் அம்மா, பல நாள் பாக்கி வைத்த தூக்கம் அது, பிறகு தெளிவார். வயிறு கட்டும், அதற்கும் மருந்து தருகிறோம். குமட்டினால் உடனே சொல்லுங்கள். மூச்சு எப்படி ஓடுகிறது என்று நான் வந்து வந்து பார்ப்பேன். சொல்லச் சொல்ல அவளுக்கே தெம்பு வந்தது. பள்ளம் வருவதற்கு முன் சொல்கிற வாய் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

திங்கட்கிழமை முடிவைத் தள்ளி வைத்தார்கள்.

சார் தூங்கினார். அப்படியொரு தூக்கம். அந்த அம்மா அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். அவர் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஸ்டூல் கிறீச்சிடும் சத்தம் போகும், வரும். மறுநாளும் பாதி நேரம் தூக்கம். அன்றைக்கு மருந்துக்கு ரெண்டரை விழுந்தது, அதையும் கண்ணைத் திறக்காமலே போட்டார். கூட்டினார்கள். அதற்கடுத்த நாள் நாலு. அன்று காலையில் பொடி சிஸ்டர் புரட்டிவிடப் போனபோது, விடுங்கள் என்று கையைக் காட்டிவிட்டுத் தானே மெதுவாக மறுபக்கம் திரும்பிப் படுத்தார். திரும்பியவரின் முகம், கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி மனைவியின் மூக்குக்கு நேராக வந்து நின்றது.

"பஞ்சு எங்க?" என்றார்.

அந்த அம்மாவுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. பிறகு பையை இழுத்தார் பாருங்கள்! தரையெல்லாம் பஞ்சு. உறையை விரித்து, திணித்து, அமுக்கி, பள்ளம் சரியாக வருகிறதா என்று முஷ்டியை வைத்துப் பார்த்து, தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தார். பக்கத்துக் கட்டில் பெரியவர் தன் பழைய தலையணையையும் தருகிறேன், வேண்டுமானால் கிழித்துக்கொள்ளுங்கள் என்றார். ஆஸ்பத்திரித் தலையணையைத் தானம் செய்கிறார் பாருங்கள் என்று பொடி சிஸ்டர் அவரை அதட்டினாள். அதட்டிவிட்டு, அலமாரியிலிருந்து அவளே கொஞ்சம் பஞ்சு கொண்டுவந்து கொடுத்தாள்.

மாத்திரை கொடுத்து அது வேலை செய்யும் நேரம் வரைக்கும் காத்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு வந்தது. வார்டு மர மேசையை இழுத்து வைத்து, அதன் முன்னால் நாற்காலியில் மெத்தையைப் போட்டார்கள். ஒரு பக்கம் பொடி சிஸ்டர், மறுபக்கம் மனைவி. சார் இரண்டு கையையும் நாற்காலிக் கையில் ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார். பாதியில் நின்றார். வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு இறங்கினார்.

உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் உள்ளங்கையை மேசை மேல் வைத்து, மரத்தை ஒரு தடவை தடவினார். நெடுநாள் பாரம் சுமந்தவன் இறக்கி வைத்ததும் விடுவானே, அப்படி ஒரு மூச்சு விட்டார். பிறகு கரண்டியை எடுத்தார். மனைவி எதிரே உட்கார்ந்து, அழுகையை மறைக்க, சட்டையில் சிந்தாதீர்கள் என்று திட்டினார். அவர் சிந்தவில்லை. கிண்ணம் காலியாகிற வரைக்கும் எழுந்திருக்கவும் இல்லை. பொடி சிஸ்டர் ஏதோ கண்ணில் விழுந்த மாதிரி திரும்பி நின்றாள். பஞ்சு பறந்த அறைதானே, விழுந்திருக்கும்.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனார்கள். கிளம்பும்போது அந்த அம்மா பொடி சிஸ்டரின் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் நாடாவை வைத்து அளந்தார். ஆஸ்பத்திரிக் கோட்டு உனக்குத் தொளதொளவென்று இருக்கிறது, பிடித்துத் தருகிறேன் என்றார். எனக்கு எவ்வளவு மார்க் சார் என்று பொடி சிஸ்டர் வம்புக்கு இழுத்தாள். சார் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார், சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை.

"பேப்பர் இன்னும் முடியலையேம்மா," என்றார். "எழுதுங்க, எழுதுங்க."

வீட்டுக்குப் போனவர்களை மறுநாள் போனில் கூப்பிட்டு விசாரிப்பது அந்த வார்டின் வழக்கம். பொடி சிஸ்டர் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவளுக்கு என்னவோ ஏதோ என்று ஆகிவிட்டது. கடைசியில் அந்த அம்மா எடுத்தார். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. சார் உட்கார்ந்தாரா அம்மா என்று கேட்டாள்.

"உட்கார்ந்தாரா? ரெண்டு வேளையா உட்கார்ந்துதான் இருக்காரு. உட்கார்ந்து சாப்பிட்டுட்டு உப்பு கம்மிங்கறாரு."

மருந்துக்கு எவ்வளவு போடுகிறார் என்று கேட்டாள். ஆறேகால் என்றார் அந்த அம்மா. சொல்லும்போதே குரலில் பெருமை, ஏதோ தானே பாஸ் பண்ணின மாதிரி. சமையலுக்கு? அதை ஏன் கேட்கிறாய் என்றார். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, போனை அந்தப் பக்கம் நீட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"காலையில ஆப்சென்டாம். சாயங்காலம் கொஞ்ச நேரம் வந்துட்டுப் போச்சாம்."

பொடி சிஸ்டர் போனை வைத்துவிட்டு, நடைபாதையில் அந்த ஸ்டூலைப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அந்த ஸ்டூலில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நோய் போகவில்லை கண்ணுகளா. அதை மறைத்து உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அது இருந்தது, தன் வேலையைப் பார்த்தது. ஆனால் அந்த ஜன்னலோர மேசையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட்டு, உப்புக்காகச் சண்டை போட்டுக்கொண்ட நாட்கள் நிறைய இருந்தன. வலி ஒருபோதும் அவர் விட்டுவைத்த அந்த உயரத்துக்கு ஏறி வரவே இல்லை. மேலே இருந்த இடம் கடைசி வரை காலியாகவே இருந்தது.

பொடி சிஸ்டர் இன்றைக்கும் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டுதான் போகிறாளாம். கோட்டு மட்டும் இப்போது அளவாக இருக்கிறது. புதிதாக யார் வந்தாலும் வலியைக் கேட்பதற்கு முன்னால் வேறொன்று கேட்கிறாள்: நீங்கள் மார்க்கை அள்ளிக் கொடுக்கிற ஆளா, கிள்ளிக் கொடுக்கிற ஆளா? கேட்டுவிட்டு, கூட வந்திருக்கும் மனைவியையோ அண்ணனையோ ஒரு பார்வை பார்க்கிறாள். உண்மை பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

சரி, எழுந்திருங்கள். கால் மரத்திருக்கும், மெதுவாக. உங்கள் வீட்டில் வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்ல யாரும் தயங்காமல் இருக்கட்டும். சொல்லாத வலியையும் கண்டுபிடிக்கிற ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும். அடுப்பு அணையாமல், மேசையைச் சுற்றி இடம் காலியாகாமல், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, உப்பு கம்மி என்று குறை சொல்கிற நிம்மதி உங்கள் வாசலை விட்டுப் போகாமல் நிலைத்து இருக்கட்டும். நன்றாக இருங்கள் என் செல்லங்களே.